மஹீராவின் முன்பல்

என் தங்கை மஹீரா கனடாவுக்குப் போகிறாள் என்று முடிவானதும் எங்கள் சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் ஒரே நாளில் பல் டாக்டர் ஆகிவிட்டார்கள். வாழ்த்துச் சொல்ல வந்தவர்கள் எல்லாம் அவள் முகத்தை விட்டுவிட்டு வாயைப் பார்த்தார்கள். "அங்க பல்லுல கை வெச்சா சொத்து அழிஞ்சிடும்மா. எல்லாத்தையும் இங்கியே முடிச்சிக்கினு போ" என்றார்கள். சொன்னவர்களில் பாதிப் பேர் மீனம்பாக்கத்தைத் தாண்டாதவர்கள். செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் நான் செருப்புக் கடை வைத்திருக்கிறேன். அங்கே வருகிறவர்கள்கூட ஒரு காலில் செருப்பை மாட்டிக்கொண்டு கனடாப் பல்லைப் பற்றிப் பேசினார்கள். எனக்கு எரிச்சலாக வந்தது. அவர்கள் சொன்னது பொய்யாக இருந்திருந்தால் அந்த எரிச்சலாவது தீர்ந்திருக்கும்.

மஹீராவின் வாயில் பார்க்க வேண்டியது ஒரே ஒரு பல்தான். மேல்வரிசையில், நடுவில், இடப்பக்கத்து முன்பல். ஏழாம் வகுப்பு படிக்கும்போது கொளவாய் ஏரி ஓரமாகச் சைக்கிள் ஓட்டிக்கொண்டு போனவள் குப்புற விழுந்தாள். உதடு கிழிந்தது, பல் ஆடியது, ஆனால் விழவில்லை. எங்கள் அத்தா ஐஸ் வைத்து அழுத்தி, "நின்னுடுச்சு, அல்ஹம்துலில்லாஹ்" என்று சொல்லிவிட்டார். அத்தோடு அந்தப் பல்லை எல்லோரும் மறந்துவிட்டோம். ஒரு வருஷத்தில் அது டீ டம்ளரின் அடி மாதிரி பழுப்பாகிவிட்டது.

பெண் பார்க்க வந்தபோது மாப்பிள்ளையின் அம்மா, கோவளத்துச் சுல்தான் பீவி மாமி, அந்தப் பல்லைத்தான் முதலில் பார்த்தார். "பல்லு கொஞ்சம் மங்கலா கீதே" என்று முகத்துக்கு நேராகவே சொன்னார். எனக்குச் சுருக்கென்றது. பிறகு மாமி, "ஓதுவியாம்மா, கொஞ்சம் ஓது கேக்கலாம்" என்றார். மஹீரா ஓதினாள். மாமி கையில் இருந்த சமோசாவைத் தட்டில் வைத்துவிட்டு, ஓதி முடியும்வரை அசையாமல் உட்கார்ந்திருந்தார். அதற்கப்புறம் பல்லைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அன்றைக்கே தேதி குறித்துவிட்டுத்தான் போனார்.

மஹீரா பி.காம். படித்தவள். அதோடு மார்க்கக் கல்வி முடித்து ஆலிமா பட்டமும் வாங்கியவள். கணக்கு எழுதும் வேலைக்கு இரண்டு இடத்தில் கூப்பிட்டார்கள், போகவில்லை. சாயங்காலம் ஆனால் எங்கள் வீட்டு முன்னறையில் தெருப் பெண்பிள்ளைகள் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். அவர்களுக்கு அரபு ஓதிக் கொடுப்பதுதான் அவளுக்கு எல்லாம். கல்யாணத்துக்குப் பிறகு கோவளத்திலும் அதையே செய்தாள். புருஷன் அஹத் கனடாவுக்குப் போன பிறகு எங்கள் வீட்டுக்கு வந்து இருந்தபோதும் அதையே செய்தாள். என் மகள் ஷமீமா, ஒன்பது வயது, அந்தப் பிள்ளைகளில் ஒருத்தி.

ஓதிக் கொடுக்கும்போது அவளைப் பார்க்க வேண்டும். வீட்டில் நாலு வார்த்தை சேர்த்துப் பேசாத பெண், அங்கே தாசில்தார் மாதிரி ஆகிவிடுவாள். ஒரு எழுத்து சரியாக வரவில்லை என்றால் ஒரு வாரம் ஆனாலும் அடுத்ததற்குப் போக மாட்டாள். "காதால கேட்டா போதாது, என் வாயப் பாரு" என்பாள். அரபில் மூன்று எழுத்துகளுக்கு நாக்கு நுனியை மேல்முன்பல்லின் விளிம்பில் வைத்துத்தான் சொல்ல வேண்டும். விரலால் மேலுதட்டைத் தூக்கி, அந்தப் பழுப்புப் பல்லில் நாக்கை வைத்துக் காட்டுவாள். எங்கள் தெருப் பெண்பிள்ளைகளுக்கு அதுதான் கரும்பலகை.

அவள் புருஷன் அப்துல் அஹத் மறைமலைநகரில் கார் உதிரிபாகக் கம்பெனியில் மெயின்டனன்ஸ் பார்த்துக்கொண்டிருந்தவன். கனடாவில் பிராம்டன் என்ற ஊரில் அதே வேலை கிடைத்துப் போனான். போன சில மாதத்தில் அங்கிருக்கும் தமிழ் முஸ்லிம் குடும்பங்கள் சனி ஞாயிறுகளில் பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுக்க ஒரு பெண் ஆலிமாவைத் தேடுகிறார்கள் என்று தெரிந்தது. மஹீரா போனிலேயே ஓதிக் காட்டினாள். கேட்ட மறுநாளே சரி என்றுவிட்டார்கள். "மச்சான், நான் இங்க வந்து ஆறு மாசம் ஆவுது, ஒருத்தனுக்கும் என் பேர் தெரியாது. உங்க தங்கச்சி வர்றதுக்கு முன்னாடியே பேர் வாங்கிட்டா" என்று அஹத் சிரித்தான். மஹீரா அந்த வாரம் முழுக்க சமைக்கும்போதுகூட முணுமுணுவென்று ஓதிக்கொண்டே இருந்தாள். அவளுக்கு அத்தனை சந்தோஷம்.

அப்போதுதான் பல் வலிக்க ஆரம்பித்தது.

ராட்டினங்கிணறு பக்கம் மாடியில் கிளினிக் வைத்திருக்கும் டாக்டர் யாமினியிடம் கூட்டிப் போனேன். சின்ன வயசு, பொறுமைசாலி. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார். "இந்தப் பல்லு செத்துப் பல வருஷம் ஆச்சு பாய். உள்ளே காய்ஞ்சு சுண்ணாம்பு மாதிரி இருக்கு. வேர் சிகிச்சை பண்ணி, உடனே மேலே கேப் போட்டுடணும். கேப் இல்லாம எதையாவது கடிச்சா பிளந்துடும்." மூன்று நான்கு தடவை வர வேண்டும், கேப் சென்னையில் செய்து வர ஒரு வாரம் ஆகும் என்றார். மொத்தச் செலவு என் கடையில் ஒரு நல்ல ஞாயிற்றுக்கிழமை வியாபாரம். ஏப்ரலில்தான் விமானம். நாள் நிறைய இருந்தது.

முதல் தடவை போய் வந்தாள். மறுவாரம் பிறை தெரிந்தது, நோன்பு ஆரம்பித்துவிட்டது.

நோன்பு வைத்துக்கொண்டு பல் டாக்டரிடம் போகலாமா என்று பள்ளிவாசல் இமாமிடம் நானே கேட்டேன். முழுங்காமல் பார்த்துக்கொண்டால் போகலாம் என்று தெளிவாகச் சொன்னார். அதைப் போய் மஹீராவிடம் சொன்னேன்.

"டாக்டரு டிரில் போடறப்போ வாயில தண்ணி பீச்சிக்கினே இருப்பாங்க அண்ணே. ஒரு சொட்டு தொண்டைக்குள்ள போனா?"

"போனா இன்னா? இமாமே சொல்றாரு."

"அவரு முழுங்காதன்னு சொல்றாரு. வாயத் தொறந்து படுத்துக்கினு கீறப்போ எது போச்சு எது போவலன்னு எனக்கு எப்டித் தெரியும்? புள்ளைங்களுக்கு நோன்பு பத்தி சொல்லிக் குடுக்கறவ நானு."

இதற்கு மேல் அவளிடம் பேச முடியாது. எழுத்துக்கு ஒரு வாரம் நிற்கிறவள் சொட்டுக்கு ஒரு மாதம் நிற்பாள். சரி, நோன்பு திறந்த பிறகு போகலாம் என்று முடிவானது. நோன்பு திறப்பது ஆறேகாலுக்கு மேல். பேரீச்சம்பழம், கஞ்சி, தொழுகை முடித்து ஸ்கூட்டரைக் கிளப்பினால் ஏழு தாண்டிவிடும். டாக்டர் யாமினிக்கு வீடு கூடுவாஞ்சேரி. ஏழரை மணி வாக்கில் மின்சார ரயிலைப் பிடிக்கக் கிளம்பிவிடுவார். நாங்கள் படிக்கட்டில் ஏறுவோம், அவர் பையோடு இறங்கிக்கொண்டிருப்பார். ஒருநாள் கஞ்சிக் கிண்ணத்தோடு கிளினிக் வாசலிலேயே பள்ளிவாசல் பாங்கு கேட்கக் காத்திருந்தோம். அன்றைக்கு அவர் விடுமுறை. எனக்கு வந்த கோபத்தில் அந்தக் கஞ்சியை நான்தான் குடித்தேன், நானும் நோன்பாளிதானே.

கடைசியில் பாவம் பார்த்து அந்த டாக்டரே இரண்டு நாள் ரயிலை விட்டுவிட்டு இருந்து வேர் சிகிச்சையை முடித்துக் கொடுத்தார். மேலே தற்காலிகமாக அடைத்து, "பெருநாள் கழிச்ச மறுநாளே கேப்புக்கு அளவு எடுக்க வந்துடுங்க. அதுவரைக்கும் முன்பல்லால எதையும் கடிக்காதீங்க" என்றார்.

கேப் மட்டும்தான் பாக்கி. அந்தக் கேப்பில்தான் எல்லாம் கவிழ்ந்தது.

பெருநாளுக்கு இரண்டு நாள் முன்பு கோவளத்தில் மாமி வீட்டில் நோன்பு திறக்கப் போயிருந்தோம். அஹத் வீடியோவில் வந்தான். பல் எந்த அளவில் இருக்கிறது என்று கேட்டான். கேப் பாக்கி என்றேன்.

"அது இருக்கட்டும் மச்சான், கேப்ப இங்க போட்டுக்கலாம். கம்பெனி இன்சூரன்ஸ்ல பல்லுக்கு இருக்கு. பாதிக்கு மேல அவங்களே குடுத்துடுவாங்க. இங்க போடறது தரமாவும் இருக்கும்."

"கேட்டுப் பாத்தீங்களா?" என்றாள் மஹீரா.

"கூட வேல செய்றவன் போன வருஷம் பல்லு கட்டினான். எல்லாம் கெடைக்கும்."

சுல்தான் பீவி மாமிக்கு இன்சூரன்ஸ் என்ற வார்த்தை ரொம்பப் பிடிக்கும். மகன் வெளிநாடு போன பிறகு கோவளத்தில் அந்த வார்த்தையை அவரைப்போல் யாரும் சொன்னதில்லை. "என் புள்ள மாசாமாசம் சம்பளத்துல புடிக்க விட்டுக்கினு கீறான். அது சும்மா போவுது, இங்க எதுக்கு டப்ப கொட்டணும்? எனக்கு மேல கீழ ரெண்டும் செட்டுப் பல்லு, நா நல்லா இல்லயா?" என்றார். மஹீரா என்னைப் பார்த்தாள், போனைப் பார்த்தாள். "அவரு சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றாள். பிள்ளைகளிடம் ஒரு எழுத்தில் அரை எழுத்து விட்டுக்கொடுக்காதவள், புருஷன் யாரோ ஒருத்தன் சொன்னான் என்று சொன்னதை அப்படியே வாங்கிக்கொண்டாள். எனக்கு இன்றைக்கும் ஆறாத விஷயம் அது.

பெருநாள் முடிந்து பத்தாம் நாள் வேன் பிடித்துக் கடற்கரைக்குப் போவது எங்கள் வழக்கம். முதலில் கோவளம் தர்காவில் ஒரு ஃபாத்திஹா ஓதிவிட்டு, பிறகு திருவிடந்தை வழியாக மாமல்லபுரம். அங்கே கோயிலைப் பார்க்க வெளியூர்க்காரர்கள் வருகிறார்கள், எங்கள் ஆட்கள் மணலில் உட்கார்ந்து தின்ன வருகிறார்கள். ஒரு மாதம் வாயைக் கட்டியவர்கள் அல்லவா. சுட்ட சோளக்கதிரில் மிளகாய்த்தூளும் உப்பும் எலுமிச்சையும் தேய்த்துக் கொடுப்பார்கள். மஹீராவுக்குச் சின்ன வயதிலிருந்தே அது உயிர். வாங்கினாள். ஓரப்பல்லால்தான் கடிக்க ஆரம்பித்தாள். ஆனால் சோளக்கதிரை ஓரப்பல்லால் எவ்வளவு நேரம் கடிக்க முடியும்? ஷமீமா ஏதோ சொல்ல, சிரித்துக்கொண்டே கதிரை நேராக வாயில் வைத்துவிட்டாள்.

"அண்ணே, சோளத்துல கல்லு கீது" என்றாள். கதிரைத் திருப்பிப் பார்த்தோம். மஞ்சள் மணிகள் மேல் ரத்தம்.

டாக்டர் யாமினி எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் வைத்து ரொம்ப நேரம் பார்த்தார். பல் மேலிருந்து வேர் வரைக்கும் இரண்டாகப் பிளந்திருந்தது. எடுத்துத்தான் ஆக வேண்டும், விட்டால் சீழ் வைக்கும் என்றார். "கேப் போட்டிருந்தா?" என்று நான் கேட்டேன். அவர் கையுறையை மாட்டினார். எடுத்த பிறகு ஈறு ஆறப் பல வாரம் ஆகும், அதற்கப்புறம்தான் நிரந்தரமாகப் பல் கட்ட முடியும். விமானம் அடுத்த வாரம். அதனால் அண்ணத்தில் ஒட்டி நிற்கிற மாதிரி, கழற்றி மாட்டும் ஒற்றைப் பல் தட்டு ஒன்று செய்து கொடுத்தார்.

அஹத்துக்குப் போன் பண்ணி, பயணத்தைத் தள்ளிப் போடலாமா என்று கேட்டேன். டிக்கெட் காசு திரும்ப வராது, வீடும் எடுத்தாகிவிட்டது என்றான். "இன்னும் நல்லது மச்சான். கேப்புக்கு பதிலா முழுப் பல்லே வெச்சிடுவாங்க" என்றும் சொன்னான். கோபமாக இருந்த என்னையே அவன் பாதி நம்பவைத்துவிட்டான். மஹீரா புருஷனைப் பிரிந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது. அவளும் போகத்தான் நினைத்தாள். போனாள்.

அதன்பிறகு அந்த நாட்டு இன்சூரன்ஸைப் பற்றி நான் தெரிந்துகொண்டதை எங்கள் ஊரில் எந்த ஏஜெண்டும் தெரிந்துகொண்டிருக்க மாட்டார். அங்கே காய்ச்சல், பிரசவம், ஆபரேஷன் எல்லாவற்றையும் அரசாங்கம் பார்த்துக்கொள்ளுமாம். பல் மட்டும் அதில் சேராதாம். ஏன், பல் உடம்பில் இல்லாமல் சட்டைப் பையிலா இருக்கிறது? அரசாங்கம் தனியாக ஒரு பல் திட்டமும் வைத்திருக்கிறதாம். ஆனால் கம்பெனி இன்சூரன்ஸ் இருக்கிற குடும்பத்துக்கு அது கிடையாதாம். சரி, கம்பெனி இன்சூரன்ஸுக்கு வருவோம் என்றால், அஹத் வேறு கம்பெனிக்கு மாறியிருந்தான். புது இன்சூரன்ஸ் மூன்று மாதம் கழித்துத்தான் தொடங்கும். மூன்று மாதம் பொறுத்தோம். தொடங்கியது. சுத்தம் செய்வது, சொத்தை அடைப்பது மட்டும் இப்போது, பெரிய வேலை எல்லாம் ஒரு வருஷம் கழித்துத்தான் என்றார்கள். அதையும் பொறுக்கலாம் என்றுதான் இருந்தோம். பிறகு ஒருநாள் அஹத் போன் பண்ணினான். குரலிலேயே தெரிந்தது.

"மச்சான், அந்தப் பல்லுக்கு எப்பவுமே கெடைக்காதாம்."

"ஏன்?"

"இன்சூரன்ஸ் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே போன பல்லாம். அதுக்கு அவங்க பொறுப்பு இல்லயாம்."

"ஒடஞ்ச பல்லோட வந்திருந்தா?"

"வாயில இருந்திருந்தா ஒரு வருஷம் கழிச்சு பாதி குடுத்திருப்பாங்க."

"கூட வேல செஞ்சவன் எல்லாம் கெடைக்கும்னானே."

"அவன் ஒம்பது வருஷமா இங்க கீறான் மச்சான். அவனுக்குப் பல்லு போனது இங்க."

நான் போனை வைத்துவிட்டேன். இல்லையென்றால் வாயில் வரக் கூடாதது வந்திருக்கும். இந்தச் சேதி கோவளத்துக்குப் போனதும் சுல்தான் பீவி மாமி எனக்குப் போன் செய்தார். "ஏன் அமானுல்லா, அப்ப அந்தப் பல்ல இங்க ஏன் புடுங்கினீங்க? அவசரப்பட்டுட்டீங்களே" என்றார். என்னிடம்தான் கேட்டார். கேப்புக்கு டப்பைக் கொட்டாதே என்று சொன்ன அதே மாமி. கடையில் கூட்டம் என்று சொல்லி வைத்துவிட்டேன். கடையில் ஈ ஆடவில்லை.

சொந்தக் காசில் அங்கே பல் கட்டினால் மூன்று லட்சம் ரூபாய் பக்கம் ஆகும். இங்கே வந்து கட்டலாம் என்றால் டிக்கெட், அதோடு வாரக்கணக்கில் விடுப்பு. எல்லாவற்றுக்கும் அவள் ஒரே பதில்தான் சொன்னாள். "அடுத்த வருஷம் பாத்துக்கலாம் அண்ணே."

அவளுக்குப் போனது அழகு என்று மற்றவர்கள் நினைத்தார்கள். பல் தட்டை மாட்டிக்கொண்டால் பார்வைக்கு ஒன்றும் தெரியாது. போனது ஓதல். தட்டை மாட்டினால் அண்ணத்தை அடைத்துக்கொண்டு நாக்கு தடித்துப் போகிறது, எல்லா எழுத்தும் மந்தமாக வருகிறது. தட்டைக் கழற்றினால் அந்தச் சந்து வழியாகக் காற்று போய் சில எழுத்துகளில் விசில் வருகிறது, பல் விளிம்பில் நிற்க வேண்டிய நாக்குக்கு நிற்க இடமில்லை. தொழுகையில் ஒவ்வொரு தடவையும் ஓதுகிற முதல் சூராவிலேயே, குர்ஆனின் முதல் அத்தியாயத்திலேயே, அந்த எழுத்துகள் வருகின்றன. ஒரு நாளைக்கு எத்தனை முறை தன் வாயை அவளே கேட்டுக்கொண்டிருப்பாள்? இமாமிடம் கேட்டேன். உடல் குறைக்குக் குற்றமில்லை, தொழுகை கூடும் என்றார். அதை அவளிடம் சொன்னேன்.

"அல்லா என்ன மன்னிப்பான் அண்ணே, அது எனக்குத் தெரியும். என்னப் பாத்து புள்ளைங்க கத்துக்கற தப்ப எங்க கொண்டு போறது?"

அந்த பிராம்டன் குடும்பங்கள் நல்ல மாதிரியாகத்தான் சொன்னார்களாம். பல் கட்டிக்கொண்டு வாருங்கள், இடம் உங்களுக்குத்தான் என்று. இரண்டு மாதம் கழித்து வேறு ஆளை வைத்துவிட்டார்கள். அதையும் குறை சொல்ல முடியவில்லை. குறை சொல்ல ஆளே கிடைக்காத கோபம் இருக்கிறதே, அதைப்போல் ஒரு பேஜாரு வேறு இல்லை. மஹீரா ஒரு பெரிய கடையின் கிடங்கில் பெட்டி கட்டும் வேலைக்குப் போனாள். அங்கே யாரிடமும் பேச வேண்டாமாம். வீடியோவில் பேசும்போது சிரிப்பு வந்தால் துப்பட்டாவை எடுத்து வாயில் வைத்துக்கொள்வாள்.

செங்கல்பட்டுப் பிள்ளைகள் மட்டும் அவளை விடவில்லை. வேறு ஆலிமாவிடம் போக மாட்டோம் என்று அழுதார்கள். எங்களுக்குச் சாயங்காலம், அவளுக்குக் காலை. கிடங்குக்குக் கிளம்புவதற்கு முன் அரை மணி நேரம், வீட்டில் இருக்கும் போனை முன்னறையில் சாய்த்து வைக்கச் சொல்லி ஓதிக் கொடுத்தாள். தட்டைக் கழற்றிவிட்டுத்தான் உட்கார்ந்தாள். எல்லா எழுத்தும் கெடுவதைவிடச் சில எழுத்து கெடுவது மேல் என்று. "இந்த எழுத்து வர்றப்போ மட்டும் என் வாயப் பாக்காதீங்க, முன்னாடி சொல்லிக் குடுத்தத ஞாபகம் வெச்சி ஓதுங்க" என்று ஒவ்வொரு தடவையும் சொல்வாள். கடை பூட்டி வரும்போது அந்தக் குரல் என் காதில் விழும். பிள்ளைகளிடம் பார்க்காதே என்றால் என்ன செய்வார்கள்? அதைத்தான் பார்ப்பார்கள்.

டிசம்பரில் பள்ளிவாசலில் பிள்ளைகளுக்கு ஓதல் போட்டி வந்தது. பயிற்சிக்காக அங்கிருக்கும் ஆலிமாவிடம் ஷமீமாவை அனுப்பினேன். நாலாம் நாள் அந்த அம்மா என்னைக் கூப்பிட்டுவிட்டார்.

"உங்க பொண்ணு நல்லா ஓதுது. குரலும் நல்லா கீது. ஆனா சில எழுத்துல காத்து சீறுது, திருத்தினாலும் வரல. பல்லுல ஏதோ சந்து கீதுன்னு நெனைக்கிறேன். ஒரு பல் டாக்டர்கிட்ட காட்டுங்க."

இன்னொரு பல் டாக்டர், இன்னொரு செலவு என்று பொருமிக்கொண்டே ஷமீமாவை ஸ்கூட்டரில் ஏற்றி அதே மாடிக்குப் போனேன். டாக்டர் யாமினி கண்ணாடியை விட்டு, விளக்கைத் திருப்பி, மேலும் கீழும் பார்த்தார். "அருமையான பல்லு பாய். சந்தும் இல்லை, சொத்தையும் இல்லை. எதுக்குக் கூட்டி வந்தீங்க?"

நான் விஷயத்தைச் சொன்னேன். "எங்கே, ஓதிக் காட்டும்மா" என்றார். நாற்காலியில் சாய்ந்தபடியே ஷமீமா ஓதினாள். முதல் வரியிலேயே அந்தச் சீற்றம் வந்தது. டாக்டர் குனிந்து அவள் வாயையே பார்த்தார். இன்னொரு தடவை ஓதச் சொன்னார். பிறகு விளக்கை அணைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"பல்லு எல்லாம் இருக்கு பாய். இருந்தும் நாக்கை இடப்பக்கத்து முன்பல்லுக்கிட்ட கொண்டு போய், அங்கே பல்லே இல்லாத மாதிரி பின்னாடி இழுத்து விடுறா. இது யாரைப் பார்த்துக் கத்துக்கிட்டது?" கேட்டுவிட்டு அவரே நிறுத்திக்கொண்டார். அந்தப் பல்லை எடுத்தவர் அவர்தானே.

அன்றைக்குக் காசு வாங்கவில்லை. வாங்கியிருக்கலாம். எதற்காவது சண்டை போட எனக்கு ஒரு சாக்கு கிடைத்திருக்கும்.

வீட்டுக்கு வரும்போது வகுப்பு நேரம். மற்றப் பிள்ளைகள் இன்னும் வரவில்லை. போனில் மஹீரா காத்துக்கொண்டிருந்தாள். பின்னால் ஜன்னலில் பனி வெள்ளையாகத் தெரிந்தது. ஆலிமா சொன்னதையும் டாக்டர் சொன்னதையும் இவளிடம் சொல்வதில்லை என்று வழியிலேயே முடிவு செய்திருந்தேன். ஷமீமாவை இனி அங்கே அனுப்பாமல் இங்கேயே விட்டுவிடலாம், போட்டியும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம்.

"போட்டிக்கு ரெடியாயிட்டாளா அண்ணே? எப்டி ஓதுறா?"

"சூப்பரா ஓதுறா. அதுக்கு இன்னா" என்றேன்.

ஷமீமா என் கையிலிருந்து போனைப் பிடுங்கிக்கொண்டாள். "அத்தே, கேளுங்க" என்று சொல்லி, கண்ணை மூடி, போட்டிக்கான சூராவை முழுசாக ஓதினாள். மஹீரா எங்கே நீட்டுவாளோ அங்கே நீட்டினாள், எங்கே மூச்சு விடுவாளோ அங்கே விட்டாள். அந்தச் சில எழுத்துகள் வந்தபோது ஒன்றையும் விடாமல் விசிலடித்தாள். முப்பத்திரண்டுக்கு இன்னும் வளர வேண்டிய வாயில் இருக்கிற பல்லெல்லாம் பளிச்சென்று தெரிய, பெருமையாக ஓதினாள்.

நான் திரையைப் பார்த்தேன். முதலில் துப்பட்டா வாயில் இருந்தது. பாதி சூராவில் அது கீழே இறங்கிவிட்டது. அவளுடைய பல் போன இடத்தை அன்றைக்குத்தான் நான் முழுசாகப் பார்த்தேன்.

"சரியா அத்தே?" என்று கேட்டாள் ஷமீமா.

"என்ன மாதிரியே ஓதுற தங்கம்."

"உங்கள மாதிரிதான் ஓதுவேன். அந்த ஆலிமா தப்புன்றாங்க. நான் மாத்த மாட்டேன்."

இன்சூரன்ஸ் இல்லை என்றபோதும் அழாதவள், வேலை போனபோதும் அழாத மஹீரா, குனிந்து துப்பட்டாவால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு என்னைக் கூப்பிட்டாள்.

"அண்ணே, அவள அந்த ஆலிமாகிட்டயே விட்டுடு. மத்த புள்ளைங்ககிட்டயும் சொல்லிடு, இன்னிக்கு வர வேணாம்னு."

"நாளைக்கு?"

"நாளைக்கும் வேணாம்."

வெளியே பிள்ளைகள் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது. எல்லாம் என் கடைச் செருப்பு. நான் போனைக் கையில் வைத்துக்கொண்டு, அந்தப் பிள்ளைகளிடம் எப்படிப் போய்ச் சொல்வது என்று தெரியாமல், கதவுக்கு இந்தப் பக்கமே நின்றேன்.